துபாய்க்கு ஐந்து ட்ரிப் ஷீட்

எங்கள் அப்பா துபாய்க்குப் போனது ரோடு பார்க்க. இதை அவரே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அந்த ஊரில் அவருடைய ஒரே மகன் ஐந்து வருஷமாக இருந்தான் என்பது உண்மைதான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பது அவர் கட்சி. ரோடு எல்லா ஊரிலும் இருக்கிறதே, இந்த ஊர் ரோட்டை மட்டும் எதற்குப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்கிற தைரியம் எங்கள் வீட்டில் எருமைக்கு மட்டும்தான் இருந்தது. அதற்குப் பேச வராது.

நாமக்கல்லில் எங்களுக்கு இரண்டு லாரி. வீட்டுக்கு எதிரிலேயே, லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கிற புக்கிங் ஆபீஸ். அங்கே போட்டிருந்த பெஞ்சில்தான் அப்பாவின் முக்கால்வாசி வாழ்க்கை நடந்தது. அவருடைய கணக்கில் உலகத்தில் பாவம் என்று ஒன்றுதான் உண்டு. லோடு இறக்கிவிட்டு லாரி காலியாகத் திரும்புவது. குடிக்கிற டிரைவரை மன்னித்திருக்கிறார். சேலம் சாலையில் ஒரு புளியமரத்தை வண்டியோடு சேர்த்துச் சாய்த்தவரைக்கூட மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார். காலி வண்டி ஓட்டி வந்தவர்களுக்கு மட்டும் மன்னிப்பு கிடையாது. நாலு நாள் காத்துக் கிடந்தாவது, வெங்காயமோ வைக்கோலோ ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

என் தம்பிதான் பெரிய வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். எனக்குப் பிரசவம் ஆன சமயம் அவன் நாக்பூரில் லோடு இறக்கிவிட்டு, திரும்ப ஆரஞ்சு ஏற்றக் காத்திருந்தான். அங்கிருந்து புக்கிங் ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டிருக்கிறான். யாரோ ஒரு புண்ணியவான், "உங்க அக்காளுக்கு ரெண்டு நாளா வலியாம், சேலத்துல சேர்த்திருக்குது, டாக்டரு ஒண்ணும் உறுதியாச் சொல்லலியாம்" என்று சொல்லிவிட்டார். சொன்னது உண்மைதான். ஆனால் அவன் போனை வைத்து ஒரு மணி நேரத்தில் எனக்கு மகள் பிறந்துவிட்டாள். அதைச் சொல்ல அவனைப் பிடிக்க முடியவில்லை. அவன் வண்டியைக் கிளப்பியிருந்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் லாரி வந்து நின்றது. தம்பி கிரீஸ் படிந்த லுங்கியோடு உள்ளே வந்தான். நான் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான். "நல்லாத்தான் தின்னுட்டு இருக்கறே" என்றான். சுவரோரமாக அப்படியே உட்கார்ந்து தூங்கிப்போனான்.

சாயங்காலம் அவன் நாமக்கல்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது நடந்ததை நான் பார்க்கவில்லை. அங்கே இருந்த எட்டுப் பத்துப் பேரும் ஆளுக்கு ஒரு முறை வந்து சொன்னதில் எனக்கு மனப்பாடம். புக்கிங் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்திருக்கவில்லை. "என்ன லோடு?" என்று கேட்டிருக்கிறார்.

"காலிங்கப்பா."

"நாக்பூர்ல இருந்தா?"

"அக்காளப் பாக்க வந்தேனுங்கப்பா. ஆளப் பாக்க வாரவன் காலியாத்தான் வருவான்."

அத்தனை பேர் முன்னால் மகன் அப்படிப் பதில் சொன்னது அப்பாவுக்கு ஆகவில்லை. "இனிமே என் ட்ரிப் ஷீட்டுல உம்பேரு வராது" என்றார். தம்பி சாவியைப் பெஞ்சில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனான். நாலு மாதத்தில் துபாயில் டிரெய்லர் ஓட்டப் போய்விட்டான். அதற்கப்புறம் இருவரும் பேசவில்லை.

என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை. என்னைப் பார்க்க ஓடி வந்தவன் அந்த ஓட்டத்தோடு ஊரைவிட்டே போனான், நான் பாலும் ரொட்டியும் தின்றுகொண்டு இருந்தேன். என் மகளுக்கு ஒவ்வொரு பிறந்தநாள் வரும்போதும் இதற்கும் ஒரு வயது கூடும். அவளுக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுத்துவிட்டுத் தனியாகப் போய் அழுதுவிட்டு வருவேன்.

ட்ரிப் ஷீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டி எங்கே போகிறது, என்ன லோடு, டிரைவர் யார், திரும்பும் லோடு என்ன என்று கட்டம் கட்டமாக அச்சடித்த தாள் அது. புத்தகமாக வரும். கார்பன் வைத்து எழுதி, மேல்தாளைக் கிழித்து டிரைவரிடம் கொடுப்பார்கள். அடித்தாள் புத்தகத்திலேயே தங்கும். அப்பா மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவர். எழுத்து வரும், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் பக்கத்து எழுத்தோடு சண்டை போட்டதுபோல் தள்ளித் தள்ளி நிற்கும். அதனால் கல்யாணம் ஆகும்வரை நான்தான் எழுதினேன். அப்பாவுக்கு ட்ரிப் ஷீட் இல்லாமல் எதையும் யோசிக்க வராது. என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ்ஸுக்கும் ஒன்று போடச் சொன்னார். லோடு என்ற கட்டத்தில் விருந்தாளிகளை 'ஒறம்பரை, 42 உருப்படி' என்று எழுதியிருந்ததை என் மாமியார் பார்த்துவிட்டார். இன்றுவரை விருந்து என்று எங்கே கூப்பிட்டாலும், உருப்படி எல்லாம் ஏறியாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.

தம்பியின் கடிதங்கள் அம்மா பேருக்கு வரும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் மோகனூரிலிருந்து, என் வீட்டுக்காரருக்கு அங்கே சர்க்கரை ஆலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து படித்துக் காட்டுவேன். அப்பா அந்த நேரம் பார்த்து எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஸ்டெப்னி டயரில் கல் எடுத்துக்கொண்டிருப்பார். ஐந்து வருஷமாக ஒரே டயர். நான் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினால் கத்துவார்.

"சத்தமாத்தான் படியேன். அவளுக்குக் காது மந்தம்னு தெரியாதா?"

அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கடிதத்தைப் படித்தேன். கம்பெனி மேனேஜரைப் பிடித்து விசிட் விசாவுக்கு ஏற்பாடு செய்யப் போவதாகவும், அப்பாவும் அம்மாவும் ஐந்து நாள் வந்து ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றும், உடனே பாஸ்போர்ட் எடுக்கும்படியும் எழுதியிருந்தான். டயரில் கல் எடுக்கும் சத்தம் நின்றது.

அம்மா உடனே சொன்னார், "எனக்கு வரத் தோதில்ல. எருமை வேத்தாளு கைக்குப் பால் கொடுக்காது."

அந்த எருமை யார் கைக்கும் பால் கொடுக்கும். தபால்காரர் உட்கார்ந்தாலும் கொடுக்கும். நானும் அப்பாவும் அம்மாவையே பார்த்தோம். அம்மா எருமை இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கூடப் போனால், மகனிடம் பேச வேண்டியதை எல்லாம் அப்பா அம்மாவிடமே பேசிவிட்டு வந்துவிடுவார் என்பது எனக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் புரிந்தது.

"நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. ரோடெல்லாம் அத்தன நல்லா இருக்குதாமா" என்றார் அம்மா.

"ரோடு நல்லா இருக்குதுங்கறதுக்காகப் போலாம்" என்றார் அப்பா. "வேற எதுக்கும் இல்ல."

பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்தார். கேஸ் ஏதாவது உண்டா என்று வழக்கப்படி கேட்டார். அப்பா வழக்கத்துக்கு மாறாக உண்மையைச் சொன்னார். ஓவர்லோடு மூன்று, டார்ப்பாய் சரியாகக் கட்டாதது ஒன்று, புளியமரம் ஒன்று. போலீஸ்காரர் பேனாவை மூடிவிட்டு, "இதெல்லாம் எழுதுனா உங்களுக்கு எப்பங்க பாஸ்போர்ட் வரும்" என்று சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போனார். பாஸ்போர்ட் வந்தது. பின்னாலேயே விசாவும் டிக்கெட்டும் வந்தன. பம்பாயில் விமானம் ஏற வேண்டும். பம்பாய்க்கு ரயிலில் போகலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னதற்கு, லாரி வைத்திருக்கிறவன் ரயிலில் போவதா என்று அப்பா கேட்டுவிட்டார். பனமரத்துப்பட்டிப் பக்கத்து மில்லில் ஜவ்வரிசி ஏற்றி, அந்த மூட்டைகளோடு தானும் பம்பாய் போவது என்று முடிவானது.

அப்புறம் அவருக்குச் சந்தேகங்கள் வந்தன. சந்தேகங்களை அம்மா கேட்பதுபோல் நான் தம்பிக்கு எழுத வேண்டும். அங்கே ரோடு தாரா, சிமெண்டா? ஊருக்குள் லாரி விடுகிற நேரம் என்ன? செக்போஸ்ட் எத்தனை? தண்ணீருக்கு அடியில் ஒரு ரோடு போகிறது என்று முன்பு எழுதியிருந்தாயே, அதில் டார்ப்பாய் கட்டின லோடு வண்டி இடிக்காமல் போகுமா? துபாயிலிருந்து பம்பாய்க்குத் திரும்பும் லோடு என்ன கிடைக்கும்?

"ஏனுங்க, ஏரோப்ளேன் என்ன உங்க லாரியா?" என்றார் அம்மா.

"காலியா வர முடியுமா?" என்றார் அப்பா.

எல்லாவற்றையும் 'அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது' என்று ஆரம்பித்து எழுதினேன். கிளட்ச் பிளேட்டைப் பற்றியும் அம்மா இரண்டு கேள்வி கேட்டிருந்தார்.

திரும்பும் லோடைப் பற்றி ஊருக்கும் அக்கறை வந்துவிட்டது. அந்தக் காலத்தில் துபாய் போனவர் என்றால் டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் நைலக்ஸ் புடவையும் இல்லாமல் இறங்க மாட்டார். புக்கிங் ஆபீஸ்காரர் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் கேட்டார். பட்டறைக்காரர் ஒரு ஸ்பேனர் செட் கேட்டார். என் மாமியார் ஒன்றும் வேண்டாம் என்று மூன்று தரம் சொல்லி, நான்காம் தரம் தைலம் கேட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசாத மகனைப் பார்க்கப் போகிறவருக்கு ஸ்பேனர் செட் ஞாபகம் இருக்கிறது என்று அம்மாவிடம் சத்தம் போட்டேன். அம்மா, "பேசாம இரு சாமி. போவட்டும்" என்றார்.

புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தம்பியின் பதில் என் கையில் இருந்தது. ஐந்து நாளைக்கும் திட்டம் போட்டு அனுப்பியிருந்தான். அப்பா ஒரு புது ட்ரிப் ஷீட் புத்தகத்தை எடுத்து வந்து முன்னால் வைத்தார்.

"அதுல அஞ்சு ஷீட்டு போடு. நாளைக்கு ஒண்ணு."

"வண்டி நம்பர்னு கேட்டிருக்குதுங்கப்பா."

"அங்க போய்ப் பாத்துக்கலாம்."

"லோடு?"

கொஞ்சம் யோசித்தார். "ஒரு ஆளுன்னு எழுது."

எழுதினேன். முதல் நாள் விமான நிலையத்திலிருந்து தம்பியின் ரூம். வழியில் மணிக்கூண்டு. இரண்டாம் நாள் தண்ணீருக்கு அடியில் போகிற ரோடு. லோடு வண்டி தாராளமாகப் போகும், உயரத்தை முன்னாலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்று அம்மாவுக்குப் பதில் சொல்லியிருந்தான். 'போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம்' என்று அப்பா சேர்க்கச் சொன்னார். மூன்றாம் நாள் முப்பத்தொன்பது மாடிக் கட்டடம், உப்பங்கழியில் படகு. படகு எதற்கு, அது ரோடு இல்லையே என்றார். பாலம் சுற்று, படகுதான் குறுக்கு வழி என்றேன். அப்படியானால் சரி என்றார். நான்காம் நாள் துறைமுகம், தம்பி ஓட்டுகிற டிரெய்லர் நிற்கும் யார்டு. அப்பா டயரை இழுத்துப் போட்டுக் கல் எடுக்க ஆரம்பித்தார். ஐந்தாம் நாள் கடைவீதி, விமான நிலையம்.

கடிதத்தில் இன்னும் இரண்டு வரி பாக்கி இருந்தது. அதை முதலிலேயே பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்திருந்தேன். படிக்கலாமா, விழுங்கிவிடலாமா என்று தெரியவில்லை. பிறகு எதற்கு விழுங்க வேண்டும் என்று கோபம் வந்து, சத்தமாகவே படித்தேன்.

"'ஐந்து நாளும் கார் நானே ஓட்டலாம் என்று இருக்கிறேன். அப்பாவுக்கு என் வண்டியில் உட்காரச் சம்மதம் இல்லை என்றால் எழுதவும். வேறு டிரைவர் ஏற்பாடு செய்துவிடுகிறேன்.'"

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அப்பா டயரை உருட்டிச் சுவரில் சாய்த்தார். தொட்டிக்குப் போய்க் கை கழுவினார். கையில் அழுக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் ரொம்ப நேரம் கழுவினார்.

திரும்பி வந்ததும் கேட்டேன். "டிரைவர்னு ஒரு கட்டம் இருக்குதுங்கப்பா. யாருன்னு எழுத?"

"அத விட்டுடு."

"டிரைவர் இல்லாம வண்டி எப்படிங்கப்பா ஓடும்?"

"விட்டுடுன்னு சொன்னேன்."

"திரும்பும் லோடு? ஊரே லிஸ்ட் கொடுத்திருக்குது."

"அதையும் விட்டுடு சாமி."

பென்சிலை மேஜையில் போட்ட வேகத்தில் முனை உடைந்துவிட்டது. என்னைப் பார்க்க வந்த குற்றத்துக்கு அவன் இன்னும் எத்தனை வருஷம் அந்தக் கட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அழுகை வந்துவிடும்போல் இருந்தது. மகளை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். போய்ட்டு வாங்கப்பா என்றுகூட அவரிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவர் ஜவ்வரிசியோடு கிளம்பினார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, ஒரு வேட்டி, இரண்டு சட்டை, அம்மா கொடுத்த முறுக்கு டப்பா, கிழித்து மடித்த ஐந்து ஷீட்டோடு போனார் என்று அம்மா பிறகு சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாமக்கல் போனேன். அப்பா அன்று துபாயில் இருந்தார். போய்ச் சேர்ந்த தந்தி வந்திருந்தது. அதில் சேர்ந்தாயிற்று என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. அம்மா எருமைக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். இந்நேரம் இரண்டு பேரும் பேசியிருப்பார்களா, அல்லது வேறு யாரோ ஓட்டுகிற காரில் அப்பா ஊமையாக மணிக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருப்பாரா என்று நினைத்து, இருப்புக்கொள்ளாமல் மேஜையை ஒழுங்கு செய்தேன். ட்ரிப் ஷீட் புத்தகம் அங்கேதான் இருந்தது. அடித்தாள்கள் இருக்கும் என்பது அதைத் திறந்த பிறகுதான் உறைத்தது.

முதல் தாளில் நான் எழுதியதெல்லாம் கார்பன் நீலத்தில் இருந்தது. டிரைவர் கட்டம் காலியாக இல்லை. தள்ளித் தள்ளி நிற்கிற எழுத்தில், அடுத்த கட்டத்துக்குள்ளும் புகுந்து, என் தம்பியின் பெயர் இருந்தது. எங்கள் வண்டிகளில் டிரைவர் பெயருக்கு இனிஷியல் போடுகிற வழக்கம் இல்லை. அப்பா போட்டிருந்தார். அது அவருடைய சொந்தப் பெயரின் முதல் எழுத்து. இரண்டாம் தாளைப் புரட்டினேன். மூன்று, நான்கு, ஐந்து. ஐந்திலும் இனிஷியலோடு அவன் பெயர். பென்சிலை அழுத்திய அழுத்தத்தில் தாள் ஓட்டையாகி இருந்தது.

ஐந்தாம் தாளில் திரும்பும் லோடு என்ற கட்டத்திலும் எழுதியிருந்தார். 'காலி.'

நான் கிளம்பிப் போனதற்கும் அவர் கிளம்பிப் போனதற்கும் நடுவில், கார்பனை எடுக்காமல், உட்கார்ந்து எழுதியிருக்கிறார். என்னிடம் சொல்லி எழுதச் சொன்னால் என்ன ஆகியிருக்கும் என்று கோபம்தான் முதலில் வந்தது. பிறகு அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அம்மா தவிட்டுக் கையோடு உள்ளே வந்தார். "என்ன சாமி, என்ன எழுதியிருக்குது?"

படித்துக் காட்டினேன். அம்மா, இன்னொரு தரம் படி என்றார். படித்தேன். கேட்டுவிட்டு, "எருமைக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன்" என்று வெளியே போனார். ரொம்ப நேரம் வரவில்லை. எருமை அவ்வளவு தண்ணீர் குடிக்காது.

அப்பா திரும்பியபோது நான் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். பம்பாயிலிருந்து வெங்காயம் ஏற்றி வந்த எங்கள் லாரி புக்கிங் ஆபீஸ் முன்னால் நின்றது. லாரி காலியாக வரவில்லை. அப்பா காலியாக வந்தார். போனபோது இருந்த அதே பை, அதே முறுக்கு டப்பா. டூ-இன்-ஒன்னுக்குச் சொல்லி வைத்திருந்த புக்கிங் ஆபீஸ்காரர் லாரியைப் பின்பக்கம்வரை சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்னங்க, துபாய் வரைக்கும் போய்ட்டு ஒண்ணும் இல்லாம வந்துட்டீங்க?"

பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பாதிப்பேர் ஐந்து வருஷத்துக்கு முன் அந்தச் சாயங்காலமும் அதே பெஞ்சில் இருந்தவர்கள். அப்பா அவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஆமாங்க, காலியாத்தான் வந்தேன். ஆளப் பாக்கப் போனவன் காலியாத்தான் வருவான்."

புக்கிங் ஆபீஸ்காரர் எல்லோருக்கும் டீ சொன்னார். அப்பா டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். வந்து என்னைப் பார்த்து, "ரோடு நல்லாத்தான் இருக்குது சாமி" என்றார்.

பத்து நாள் கழித்துத் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா பேருக்கு வந்தது. அவர் அதை என்னிடம் கொடுக்கவில்லை. டயர் மேல் உட்கார்ந்து, உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டிக் காலையிலிருந்து மத்தியானம்வரை அவரே படித்தார். நானும் அம்மாவும் சாப்பிடாமல் காத்திருந்தோம்.

"சத்தமாப் படிங்கப்பா, அம்மாவுக்குக் காது மந்தம்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.